பார்க்கலாம்

பதினான்காம் வளைவில்
நூற்றியெட்டு வண்டிக்குள் பிறந்தாள்.
அந்த வளைவின் தடுப்புச் சுவருக்குக்
கல் அடுக்கியவர்களில் நானும் ஒருவன்.
ஐப்பசி மழையில் சரிந்ததை
மூன்று நாளில் தூக்கி நிறுத்தினோம்.
இருபத்தொன்பது வாரம், ஆயிரத்து நூறு கிராம்.
ஒரு சட்டி ஜல்லி அதைவிட எத்தனையோ மடங்கு.

சேலம் பெரியாஸ்பத்திரி. கண்ணாடிப் பெட்டி.
கணுக்காலில் கட்டிய சீட்டில்
‘காவேரி குழந்தை’ என்று மட்டும்.
பெயர் வைக்கவில்லை.
வைத்தால் யாராவது கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று
காவேரிக்குப் பயம்.

முதல் வியாழக்கிழமை
பக்கத்தில் ஒரு செவ்வாய்பேட்டைக்காரியின் மகன்.
மாதம் நிறைந்தவன், மூன்று கிலோ, மஞ்சள் காமாலை.
நீல விளக்கின் கீழே
அவன் கண்ணை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள்.
முழுசாய் முடிந்த கண் மூடிக் கிடந்தது.
முடியாத கண்ணைத்தான்
விரித்துப் பார்த்தார்கள்.

எப்படி என்றும் சொல்ல வேண்டும்.
சொட்டு மருந்து. கொஞ்ச நேரம். மறுபடி சொட்டு.
துணியில் சுருட்டி,
இமைக்குள் ஒரு கம்பியை வைத்தார்கள்.
நர்ஸ் ஆரோக்கியமேரி
சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தொட்டு வைத்தார்.
டாக்டர் ஷமீமாவின் நெற்றியில் விளக்கு,
கிணற்றுக்குள் இறங்குகிறவர் மாதிரி.
வெளியே நில்லுங்கள் என்றார்கள். நிற்கவில்லை.
அவள் அழுதாள்,
கண்ணீர் இல்லாமல்.
அதற்கும் இன்னும் நாள் இருக்கிறதாம்.

டாக்டர் சீட்டின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டார்,
நடுவாந்திரமாய் ஒரு புள்ளி.
“ரத்தக் குழாய் இங்கே கிளம்பி ஓரம்வரைக்கும் போகணும்.
வயித்துக்குள்ளயே போய்ச் சேர்ந்திருக்கும்,
இவ பாதியில வந்துட்டா.
மூக்குப் பக்கம் சீக்கிரம் எட்டிடும்,
காதுப் பக்கம்தான் தூரம்.
என்ன வேலை பார்க்கறீங்க?”
“ரோடு வேலை.”
“அப்ப உங்களுக்குப் புரியும்.”

புரிந்தது. அதுதான் தூங்க விடவில்லை.
டெண்டர் நின்றுபோன ரோடு எனக்குத் தெரியும்.
அதற்கு அப்பால் இருக்கும் ஊர் சும்மா இருக்காது.
கண்ட இடத்தில் தடம் விழும்.
மழை வந்தால் அந்தத் தடமே ஓடையாகி
மண்ணை இழுத்துக்கொண்டு போகும்.

இரண்டாம் வியாழன்: பார்க்கலாம்.
மூன்றாவது: பார்க்கலாம்.
நான்காவதும்.
அந்தச் சொல்லை என் ஆயுளில்
அவ்வளவு உற்றுக் கேட்டதில்லை.

ஐந்தாம் வியாழன்.
வலது கண் பரவாயில்லை,
இடதுக்கு லேசர்.
குழாய் போகாத ஓரத்தைப்
பொட்டுப் பொட்டாய்ச் சுட்டுவிடுவார்களாம்.
சுட்ட இடம் ரத்தம் கேட்டுக் கூவாது.
நடுவில் உள்ள பார்வையைக் காப்பாற்றத்தான்.
ஓரம் கொஞ்சம் போகலாம்.
கையெழுத்துப் போடும்போது
எந்த ஓரம் என்று கேட்டேன்.
“கண்ணுக்குள்ள எல்லாம் இடம் மாறி இருக்கும்.
காதுப் பக்கத்து ஓரம்தான்
மூக்குப் பக்கத்தைப் பார்க்கும்.
அதை வலது கண் பார்த்துக்கும்.”
அந்தக் கடைசி வரியைக்
காவேரிக்கு நான்கு முறை சொன்னேன்.

அன்றிரவு அவள்
பெட்டியின் ஓட்டைக்குள் கைவிட்டு
ஒற்றை விரலைக் கொடுத்தபடி இருந்தாள்.
எதுவும் பேசவில்லை, சேர்வராயனைக்கூடக் கூப்பிடவில்லை.

மாசி பிறந்து இரண்டு நாள்.
பிறக்க வேண்டிய தேதியில்
வீட்டுக்குப் போகிறாள்.
வியாழக்கிழமை மறுபடி வர வேண்டும்.
வேலையிலிருந்து நேராக வந்தவன்,
ஆரஞ்சுச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.
அடிவாரம் தாண்டி பஸ் ஏறத் தொடங்கியதும்
காவேரி அசந்துவிட்டாள்,
குழந்தை என் மடிக்கு வந்தது.

ஒரு சாண், அதற்குக் கொஞ்சம் மேல்.
அவ்வளவுதான் இப்போதைக்கு.
மற்றதெல்லாம் பனி மூட்டம்.
பதினான்காம் வளைவைக் காட்ட நினைத்திருந்தேன்.
ஜன்னலில் அவளுக்கு ஒன்றும் இல்லை.
என் சட்டையில் வெள்ளிப் பட்டை முடிந்து
கருப்பு நூல் தொடங்கும் ஓரம்,
அதில் போய் நின்றது வலது கண்.
இடது கொஞ்சம் பிந்தி
வந்து சேர்ந்தது.

வண்டி ஒடித்துத் திரும்பியது.
சுவரைப் பார்க்கவில்லை.
முதுகைச் சாய்க்காமல்,
மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு
உட்கார்ந்திருந்தேன்,
பட்டை அசையாதபடி.