ஆயிரத்து நூற்று நாற்பது அடி

பெரியவர்களுக்கு நாற்பது, பிள்ளைகளுக்கு இருபது.
செல்போனில் படமெடுத்தால் இலவசம்,
கேமராவுக்கு இருநூறு.
உடுமலைக்குத் தெற்கே பதினோரு கிலோமீட்டர்,
ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கிற ஜமீன் பங்களா.

ஆடி மாதம். சத்தீஸ்கரில் மழை.
எங்கள் போர்வண்டி ராய்ப்பூரில் ஒரு பெட்ரோல் பங்கில்
தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது.
சும்மா இருக்கும் ட்ரில்லரைத்
தோட்டம் பார்க்கக் கூட்டி வந்திருக்கிறாள் கோகிலவாணி.

நூல் பிடித்துப் போட்ட பாதை.
வலப்பக்கம் எட்டு ரோஜாப் பாத்தி,
இடப்பக்கம் எட்டு.
கூம்பாக வெட்டிய சவுக்கு அந்தப் பக்கம் நான்கு,
இந்தப் பக்கமும் நான்கு.
"நடுவுல கண்ணாடி வெச்சாப்பல இருக்குதுங்க"
என்கிறாள்.
மகள் ஓடிப் போய் எண்ணிவிட்டு வந்தாள்:
இடப்பக்கம் ஒரு ரோஜாச்செடி குறைகிறதாம்.

எனக்குப் பூ தெரியாது.
புல்லைப் பார்த்தால் லிட்டர் தெரியும்.
இந்த அகலத்துக்கு, இந்தக் காற்றுக்கு,
நாளொன்றுக்கு இரண்டு லாரித் தண்ணீர்.
மதிலுக்கு வெளியே தென்னை மொட்டையாக நிற்க
உள்ளே இவ்வளவு பச்சை
எங்கிருந்து குடிக்கிறது?
சீமைக்குப் போன ஜமீன்தார் ஒருவர்
மடித்துக்கொண்டு வந்த வரைபடமாம், பலகையில் எழுதியிருக்கிறது.
வரைபடத்தில் கிணறு இருந்ததா என்று எழுதவில்லை.

நான்கு மணிக்கு மோட்டார் போட்டார்கள்.
பளிங்குப் பையன் குடத்தைச் சாய்த்தான்.
கணவாய்க் காற்று
தண்ணீரை ஒரே பக்கமாகத் தள்ளியது.
கண்ணாடி உடைந்தது;
இடப்பக்கத்துப் பாத்திகள் மட்டும் நனைந்தன.

எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள்.
நான் பையனின் முதுகுப்பக்கம் போனேன்.
செம்பருத்தி மறைவில், பச்சை பெயிண்ட் பூசிய
ஏழு இஞ்சுக் கேசிங்.
வாயில் இரும்புத் தகடு.
தகட்டில் வெல்டிங் ராடால் கிறுக்கிய எண்
1140.
அந்த ஒன்றுக்குச் சின்னதாக ஒரு வால்.
நான் போடுகிற ஒன்றுக்கு எப்போதும் வால் இருக்கும்.

பத்தொன்பது வயது, ராடு மாட்டுகிற பையன்.
இருட்டில் வந்தோம், விடிவதற்குள் போய்விட்டோம்.
ஊர்ப்பெயர் கூடக் கேட்கவில்லை.
நீரோட்டம் பார்த்தவரின் உள்ளங்கையில்
தேங்காய் எழுந்து நின்ற இடம் என்றார்கள்.
இருநூறில் கொஞ்சம் ஈரம், முந்நூறில் அதுவும் இல்லை.
பாறை, பாறை, அப்புறம் புகை.
ஆயிரத்து நூற்று நாற்பதில்
மேனேஜர் டார்ச்சை அணைத்துக் கையைக் காட்டினார்.
சுற்றிலும் வெள்ளைப் பொடி மூடி
எட்டுப் பேர் அசையாமல் நின்றார்கள்.
கூலிக்குக் காத்திருக்கிற ஆட்கள் என்று
இருபத்தோரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.
சவுக்கு.

"அதுல தண்ணி இல்லீங்"
என்றான் தோட்டக்காரன் திருமூர்த்தி, ஹோஸ் பைப்பைச் சுருட்டியபடி.
"கீழ தொட்டி, மேல பையன்.
ஒரே தண்ணிதான் ஏறி எறங்குது.
புல்லுக்கு வெடியால வெடியால லாரி வரும்."

மகள் இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.
தகட்டின் மேல் ஏறி நிற்கப் போனாள்.
நான் புல்லில் மண்டி போட்டேன்.
விசில் அடித்தார்கள்.
தகட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன்.
இன்னொரு முறை ஆட்டினேன்.
சுற்றிலும் விரலை ஓட்டிப் பார்த்தேன்.
துரு இருக்கிறது, விரிசல் இல்லை.
அன்றைக்குப் பசியோடு வைத்த வெல்டிங்,
நன்றாகத்தான் பிடித்திருக்கிறது.
பிறகுதான் அவளைப் பக்கத்தில் விட்டேன்.

கோகிலவாணி எடுத்த படத்தில்
பளிங்குப் பையன் இருக்கிறான், மகள் இருக்கிறாள்,
சாய்ந்து பறக்கிற தண்ணீர் இருக்கிறது.
ஓரத்தில் பச்சைக் குழாய், அதன்மேல் ஒரு கை.
"உங்க கைய வெட்டிட்டு ஸ்டேட்டஸ் வெக்கறனுங்க."
வெட்டிக்கோ என்றேன்.