அறுபத்து மூன்று பூட்டு

வேலைக்கு எடுக்கும்போது கேட்டது ஒரே கேள்வி:
"ஞாபகமா பூட்டுவியா?"
சாத்தையாவைத் தெரிந்தவர்கள் சிரித்தார்கள்.
குடித்த தம்ளரைக் கவிழ்க்கும் இடம்கூட மாறாத ஆள்.

கானாடுகாத்தானில் அந்த வீட்டுக்கு
ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை.
சொந்தக்காரர்கள் கோலாலம்பூரிலும் அடையாறிலும்.
பொங்கலுக்கு வந்து விளக்கேற்றிவிட்டுப் போனால்
நாயன்மார் கணக்காய் அறுபத்து மூன்று சாவியும்
இவர் இடுப்பில்.

முதல் வருடம் ராத்திரிக்கு ஒரு சுற்று.
"இப்படி ஆள் கிடைக்காது" என்று
தீபாவளி வேட்டிக்குள் ஐந்நூறு வைத்துக் கொடுத்தார்கள்.
அப்புறம் இரண்டு சுற்று.
இரண்டாம் கட்டில் ஒரு பூட்டு
விழுந்த சத்தம் சரியில்லை என்று
சோற்றில் கைவைத்தவர் எழுந்து போனார்.
அதையும் பொறுப்பு என்றுதான் நினைத்தேன்.

குணம் எங்கே முடிந்து
நோய் எங்கே தொடங்கியது என்று
காரைக்குடி டாக்டரம்மா கேட்டார்.
சாயங்காலம் எந்த நிமிஷத்தில் ராத்திரியாகிறது என்று
கேட்டமாதிரி இருந்தது.
சாவியை அழுத்தி அழுத்திக்
கட்டைவிரல் தோல் உரிந்த அன்றா?
விடிகாலை நாலு மணி, ஏழாவது சுற்று,
கதவில் நெற்றியை வைத்து அழுதாரே, அன்றா?

என் தம்பி
அடுப்பை எரியவிட்டு மஞ்சுவிரட்டுக்குப் போனவன்.
அவனுக்கு இது வருவது அபூர்வமாம்.
வேறு ஏதாவது வரலாமாம்.
சிரிக்காமல்தான் சொன்னார்.

மாத்திரை. வாரம் ஒருநாள் பேச்சு.
பூட்டாமல் பத்து நிமிஷம் உட்காரும் பாடம்:
வளவில் நானும் அவரும்,
திறந்து கிடக்கும் கதவு,
அவர் கழுத்தில் வேர்வை.
உள்ளே வந்தது பக்கத்து வீட்டுப் பூனை மட்டும்.

இப்போது மூன்று சுற்று. சில நாள் ஐந்து.

மகள் பொன்னழகிக்கு ஏழு வயது.
பென்சில்களை உயர வரிசையில் வைக்கிறாள்.
பள்ளிக்கூட டைரியில் டீச்சர் எழுதியிருக்கிறார்:
மிகவும் பொறுப்பான பிள்ளை.
அந்த வரியை அவரிடம் நான் காட்டவில்லை.

"இவளுக்கும் வருமா டாக்டர்?"
"நனையிற எல்லாருக்குமா காய்ச்சல் வருது?
தலை ஈரமா இருந்தா துவட்டிவிடுங்க."

நேற்று படுத்தபின் எழுந்து
தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தாள்.
திட்டவில்லை. சமத்து என்றும் சொல்லவில்லை.
மறுபடி எழுந்தபோது
இந்தத் தலையை எப்படித் துவட்டுவது என்று தெரியாமல்
பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

"தாப்பா போட்டிருக்காம்மா?"

"தெரியல" என்றேன்.

பக்கத்தில் படுத்தாள்.
தூங்கவில்லை என்பது மூச்சில் தெரிந்தது.
சுவருக்கு அந்தப் பக்கம்
அவரும்.