பத்து தெத்ரி

எங்கள் லிஃப்டுக்குக் காசு போட வேண்டும்.
பத்து தெத்ரி விழுந்தால்தான் முனகிக்கொண்டு ஏறும்.
இறங்க இலவசம்.
குத்தாயிசியில், ஒன்பது மாடி கொண்ட இந்தக் கட்டடத்தில்
எல்லோருக்கும் பொதுவான அறை அது ஒன்றுதான்.

அதன் மூலையில், உண்டியலுக்குக் கீழே
யாரோ ஒரு நாவலை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.
அட்டை இல்லை. முதல் பக்கமும் இல்லை.
எழுதியவர் பேர் தெரியாததால்
யாருக்கும் மரியாதை பாக்கி வைக்காமல்
படிக்க முடிந்தது.

ஒரு மாலுமி, அவன் மனைவி, அவள் விற்கும் பியானோ.
நானூறு பக்கம்.
மருந்துக்கடையில் இரவுப் பணி எனக்கு.
ஒரு இருமலுக்கும் அடுத்த இருமலுக்கும் நடுவே படித்து
நூற்றுப் பன்னிரண்டாம் பக்க ஓரத்தில்
பென்சிலால் எழுதினேன்:
இங்கிருந்து ஒரே இழுவை.
பியானோ விற்க ஐம்பது பக்கமா?

கொண்டுபோய் லிஃப்டிலேயே வைத்தேன்.
நான்கு நாள் கழித்து, கீழே, பச்சை மையில்:
நீங்கள் எதையும் விற்றதில்லை போலிருக்கிறது.

அன்றைக்குத் தூக்கம் போயிற்று.

பிறகு ஓரங்கள் நிரம்பின.
மூன்றாம் மாடி ஒத்தார் மட்டும் கையெழுத்துப் போட்டு எழுதுவார்,
போத்தி துறைமுகத்தில் முப்பது வருடம் இருந்தவர்:
இந்தக் காற்றில் எந்த முட்டாளும் பாய் விரிக்க மாட்டான்.
முத்தக் காட்சியைச் சுற்றி
யாரோ காப்பிக் கோப்பையால் வட்டம் போட்டார்கள்,
பாராட்டா, கவனக்குறைவா, தெரியவில்லை.
ஒரு பிள்ளைக் கையெழுத்து எல்லா அத்தியாய முடிவிலும் கேட்டது:
கப்பல் எப்போது மூழ்கும்?

பச்சை மையும் நானும் விடவில்லை.
நான்: மாலுமி நல்லவன்.
அது: கடிதமே போடாதவனா?
நான்: போட்டான், வழியில் தொலைந்தது. பார்க்க, பக்கம் இருநூற்று மூன்று.
அது: பார்த்தேன். அது அவன் சொல்வது.

அது அவன் சொல்வது.
இருநூறு பக்கமாய்
ஒருவன் வாயை மட்டும் நம்பிக்கொண்டு
வந்திருக்கிறேன்.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் மின்சாரம் போனது.
லிஃப்ட் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே
வாயை மூடிக்கொண்டு நின்றது.
எல்லோரும் படிக்கட்டில், கைபேசி வெளிச்சத்தில்.
பத்து மணிக்கு வந்துவிடுமாம்,
மின்சாரக் கம்பெனிக்காரன் சொன்னான், என்றார் ஒத்தார்.
மேலே இருட்டில் மூச்சு வாங்க ஒரு குரல்:
அது அவன் சொல்வது.

லமாரா.
எட்டாம் மாடி.
மூன்று வருடமாய் என் பால்கனியில்
அவள் கம்பளம் சொட்டுகிறது.
மூன்று வருடமாய் நாங்கள்
வணக்கம் சொல்வதில்லை.

அவள் பக்கத்தில் ஒரு உருளைக்கிழங்கு மூட்டை.
ஒரு காதை நான் பிடித்தேன்.
ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை.
ஏழாம் மாடியில் என் கதவைத் தாண்டியும் ஏறினேன்.

அவள் கதவு திறந்தபோது
கைபேசி வெளிச்சத்தைச் சுவரோரம் கொஞ்சம் திருப்பினேன்,
வேண்டுமென்றேதான்.
பியானோ நின்ற தடம் இல்லை,
தரையில் நான்கு குழிகள் இல்லை,
வெளிறாத நீள்சதுரம் இல்லை.
குளிர்சாதனப்பெட்டி, கோட்டு, காலணி.
அவள் விற்றது எதுவோ
அது சுவரில் அடையாளம் விடுகிற பொருள் இல்லை.
தேடினேன் என்பதில்தான்
எனக்கு இன்றைக்கும் கூச்சம்.

கம்பளம் நாளைக்குக் காய்ந்துவிடும், என்றாள்.
நன்றி மாதிரியும் இருந்தது, எச்சரிக்கை மாதிரியும்.

மின்சாரம் வந்தது மறுநாள் மத்தியானம்.
அந்த ஐம்பது பக்கத்தை மறுபடி படித்தேன்,
பியானோவோடு படியேறுகிறவன் மாதிரி
ஒவ்வொரு தளத்திலும் இறக்கி வைத்து.
இழுவைதான். இப்போதும் சொல்வேன்.
பென்சில் எழுத்தை அழிக்கவில்லை.
ஆனால் மாலுமி விஷயத்தில்
என் வரியைக் கோடு போட்டு அடித்தேன்.

மார்ச்சில் புத்தகம் ஒரு சுற்று முடிந்து வந்தது.
கடைசிப் பக்கத்தில் பிள்ளைக் கையெழுத்து:
கப்பல் மூழ்கவே இல்லை. ஏமாற்று.

அதற்குக் கீழே, பச்சையில்:
எனக்கும் அதே கோபம்.