இருக்கிறாரா

புன்டா அரேனாஸில் ஜூன் மாதம்
சூரியன் பத்து மணிக்குத்தான் எழும்.
அதுவரை இந்த ஊரில் விழித்திருப்பது
ஜலசந்தியின் காற்றும் நானும்.

படகுக் கம்பெனியின் பின்னறை.
ஹீட்டர் ஒரு பக்கம் சுடுகிறது,
மறு பக்கக் காது விறைக்கிறது.
பதினோராயிரம் மின்னஞ்சல் முகவரிகள்.
எத்தனை உயிரோடு இருக்கின்றன,
திங்களுக்குள் சொல்லிவிடு என்கிறார் ஒஸ்வால்தோ,
கூடை முட்டையில் அழுகியதைப்
பொறுக்கச் சொல்வதுபோல.

வேலை இதுதான்:
சர்வர் சர்வராகப் போய்த் தட்டுவது.
வணக்கம் சொல்வது. யாரென்று சொல்வது.
இவருக்கு ஒரு கடிதம் என்பது.
இருநூற்று ஐம்பது என்றால் இருக்கிறார்.
ஐந்நூற்று ஐம்பது என்றால்
அப்படி யாருமில்லை.
பதில் கிடைத்ததும் வாசலோடு திரும்பிவிடுவது.
கடிதம் என்று ஒன்று
என் கையில் இருந்ததே இல்லை.

சில, பிறகு வா என்கின்றன.
சில, கேட்டதற்கெல்லாம் ஆமாம்.
சந்தேகம் வந்து, முழங்கையைக் கீபோர்டில் ஊன்றி
விழுந்த எழுத்துகளைப் பெயராக்கிக் கேட்டேன்.
இருக்கிறார் என்றது, கூச்சமே இல்லாமல்.

எவரிஸ்தோ மான்சியா: இருக்கிறார்.
மூன்றாம் படகின் எஞ்சின்காரர்.
செப்டம்பரில் மண் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

கோரினா விதால்: இல்லை.
நேற்று டிக்கெட் ஜன்னலில்
இருநூறு பெசோ சில்லறைக்கு
என்னோடு மல்லுக்கட்டியவள்.

இருப்பதாகச் சொன்னதை இருப்பதாகக் குறித்தேன்.
கோரினாவை அழிக்கும்போது மட்டும்
கொஞ்சம் சந்தோஷம், மறைப்பானேன்.

இரண்டரை மணிக்குத் தூக்கம் கலைய
எங்கள் சர்வரின் பதிவேட்டைப் புரட்டினேன்.
பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு
எங்கிருந்தோ ஒரு விசாரிப்பு:
யாஸ்னா குசானோவிச்?
இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறது,
என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.
அடுத்த நொடியே இணைப்பு அறுந்திருக்கிறது.

தெரியும்.
என்னைப் போல் பட்டியல் சலிக்கிற எவளோ.
அவள்கூட இல்லை, அவள் ஏவிவிட்ட நிரல்.
ஆனாலும் நாற்பத்தொன்றுக்கு
நான் எங்கே இருந்தேன் என்று யோசித்தேன்.
கழிப்பறையில்,
உறைந்த குழாயைத் திட்டிக்கொண்டு.
இருந்தேன்தான்.

ஆறாயிரத்து இருநூற்று நான்காவது முகவரியை
நிரலிடம் விடாமல் கையாலேயே தட்டினேன்.
வணக்கம் என்றேன்.
வணக்கம் என்றது.
அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை.
காபியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு
நேரம் கடந்தது என்று சொல்லி
அவர்களே கதவைச் சாத்திக்கொண்டார்கள்.