குருமண்வெளிப் பாதை

பள்ளிக்கூடச் சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது:
'உயர்தரத்தின் பின் தொழிற் பாதைகள்.'
அம்புக்குறிகள் எல்லாம் வெள்ளைக் கோட்டில் போய் முட்டின,
ஒன்றிரண்டு கறுப்புக் கோட்டில்.
மண்டூர்க்காரிக்குப் பாதை என்றால் வேறு.
இரண்டு தோணி, மேலே பலகை,
மோட்டார்சைக்கிள், மீன்பெட்டி, நான்.
கயிற்றை அவிழ்த்தால் கொஞ்ச நேரத்தில் குருமண்வெளி.

இசட் புள்ளியில் பூச்சியம் தசம் பூச்சியம் நான்கு குறைந்தது.
விதுர்ஷிகா மருத்துவபீடம் போனாள்.
நான் கோழிக்குத் தவிடு குழைத்தேன்.
மறுகா ஒருநாள் வர்த்தமானியில்,
சாரதி வெற்றிடங்களுக்குக் கீழே,
சுகாதாரத் தகவல் முகாமைத்துவம்.
"என்னகா அது, கொம்பியூட்டரா, ஊசி போடுறதா?"
அம்மா கேட்டா.
தெரியாமல்தான் விண்ணப்பித்தேன்.

கொழும்பில் வாடகை அறை, மூன்று பேருக்கு ஒரு காற்றாடி.
எலும்புகளின் பெயர், புள்ளிவிபரம்,
ஒருவரின் நோயை
அவர் பெண்சாதிக்கும் சொல்லாதிருக்கும் சட்டம்.
சிங்களத்தில் பகிடிக்குச் சிரிக்கவும் பழகினேன்.
உலகத்து நோய்கள் அத்தனைக்கும்
இலக்கம் போட்ட தடித்த புத்தகம் ஒன்று;
முடியுமிடத்துக்குக் கிட்ட
இசட் என்றே ஓர் அத்தியாயம்.
இசட் ஐம்பத்தைந்து தசம் இரண்டு:
பரீட்சையில் தோற்றல்.
வகுப்பில் சத்தமாய்ச் சிரித்து எழும்பி நின்றேன்.
இலக்கம் இருக்கிறதென்றால்
எனக்கு முன்னமே யாரோ இருந்திருக்கிறார்கள்.

இப்போது களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரி,
கன்ரீனுக்குப் பின்னால் ஓர் அறை.
ஸ்ரோர் என்று நினைத்து
உடைந்த கதிரைகளை வைத்துவிட்டுப் போகிறார்கள்.
வீட்டுக்குப் போனவர்களின் கட்டில் சீட்டுகள்
மூட்டையாய் வரும்.
மருதமுனை ஸிப்னாஸ் அடுக்குவான், நான் இலக்கமிடுவேன்.

ஒரே கோப்பில் மூன்று சாமித்தம்பி இருந்தார்கள்.
மூவருக்கும் தகப்பன் தம்பிப்பிள்ளை.
ஒருவருக்குப் பெனிசிலின் ஆகாது,
எவருக்கு என்பதுதான் கேள்வி.
நிறை, கையொப்பம், பழைய தழும்பு பார்த்து
ஒரு பின்னேரம் முழுக்கப் பிரித்தேன்.
நன்றி சொல்ல ஒருவரும் வரவில்லை.
தாங்கள் ஒருவராய் இருந்தது
அவர்களுக்குத் தெரியாது.

மாசி. வெட்டுக்காலம்.
காய்ச்சல், காய்ச்சல், காய்ச்சல் என்றே சீட்டுகள்.
ஆர் ஐம்பது தசம் ஒன்பது: காரணம் தெரியாதது.
பதினேழாவதில் பேனை நின்றது.
தொழில் வயல். தொழில் வயல். வெட்டுமெசின் சாரதி.
வெல்லாவெளி, வெல்லாவெளி, பாலையடிவட்டை.
தாதியின் குறிப்பில் ஓரமாய்:
கண் சிவப்பு, கெண்டைக்கால் உளைவு.
நோய்க்குப் பெயர் சொல்வது என் வேலையல்ல.
பதினேழையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு
மாடிக்குப் போனேன்.

கதவைத் திறந்தவள் விதுர்ஷிகா.
கண்ணுக்குக் கீழே இரண்டு இரவு.
என்னைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தாள்.
"எலிக்காய்ச்சல்," என்றாள் மெதுவாய்.
"எம்ஓஎச்சுக்கு ஆர் அறிவிச்சது?"
ஒருவரும் இல்லை.
போன் எடுத்துப் பேசிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.
"உன்ட கெமிஸ்ற்றிக் கொப்பி இன்னும் என்ட வீட்டில கிடக்கு."
"உன்ட கையெழுத்துத்தான் கா
இப்பவும் ஒண்டும் விளங்குதில்ல."

பன்னிரண்டாவது ஆள் அதற்கு முன்னமே போயிருந்தார்,
பிரேத அறை வழியாய்.
சீட்டைத் திருத்த எனக்கு அனுமதி இல்லை.
அவள் திருத்திக் கையொப்பமிட்டாள்;
நான் ஆரை வெட்டி
ஏ இருபத்தேழு என்று எழுதினேன்.
ஸிப்னாஸ் கோப்பை வைத்தான்.
வைக்கிற சத்தம் கேட்டது.

பின்னேரப் பாதையில்
எனக்கெதிரே ஒருவர், சேறு காயாத கால்,
குதியில் புதிதாய் ஒரு வெட்டு.
"மிஸி, ஆஸ்பத்திரியிலயா வேலை?"
"மிஸி இல்ல. எழுத்து வேலை."
"காய்ச்சலுக்கு என்ன குளிசை நல்லம்?"
பெயரைக் கேட்டேன்.
"சாமித்தம்பி."
"தகப்பன்ட பேர்?"
"தம்பிப்பிள்ளை. ஏன் கா?"
கரை வர இன்னும் பாதித் தூரம் இருந்தது.
"நாளைக்குக் காலையில வாங்க, கட்டாயம்," என்றேன்.
"வந்ததும் முதல்ல சொல்லுங்க,
உங்களுக்குப் பெனிசிலின்
ஒத்துவருமா, வராதா எண்டு."