அபராதம் அம்பது காசு

சனிக்கிழமை பத்து மணிக்குப் பாடாங் செராயில்
செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள்
கடைப் பலகையெல்லாம் அதிரப் போகும்.
முனியாண்டி ஒட்டுக்கடையில் கடைசி மேசை எங்களுடையது.
என் சக்கர நாற்காலிக்காக
அங்கே ஒரு நாற்காலியை எடுத்துவிட்டிருப்பார்கள்.
கேட்டு வாங்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

மேசை நடுவில் ஒரு மைலோ டின்,
மூடியில் கத்தியால் கீறிய வாய்.
அடுத்தவர் பேச்சை நாம் முடித்துவைத்தால்
அம்பது காசு.
ஃபித்ரிக்குக் காது கேட்காது,
அவன் கை பேசும்போது முந்திக்கொண்டாலும்
அதே அம்பது காசுதான்.

சட்டம் போட்டவள் சர்மினி.
வங்கிக்காரர் அவள் அண்ணனைப் பார்த்து
"இவங்க கையெழுத்துப் போடுவாங்களா?" என்று கேட்ட அன்று.
"கண்ணுதான் தெரியாது சார்,
ஆளு இங்கதான் நிக்கிறேன்" என்றாளாம்.
அண்ணன் வெட்கப்பட்டானாம். அவள் படவில்லை.

டின்னில் விழுந்த முதல் காசு என்னுடையது.
கோயில் வாசலில் செருப்புக்குக் காவலாய்
அம்மாவுக்காகக் காத்திருந்தேன்.
யாரோ ஒருவர் என் மடியில்
ஒரு வெள்ளித் தாளை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.
கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்க வாய் வரவில்லை.
ஒரு வாரம் வைத்திருந்தேன், சுடுவதுபோல் இருந்தது.
அமலன்தான் சொன்னான், "இதுல போடு, டின்னுக்குச் சுடாது."
அமலன் நாற்றுப் பண்ணையில் பைக்கு மண் நிரப்புகிறவன்,
எங்கள் பொருளாளர்,
சம்பளச் சீட்டை மடிக்காமல் கொண்டுவருவான்.

இன்று புதிதாக யுகேந்திரன்.
பத்தொன்பது வயதானதும் பள்ளிக்கூடம்
ஒரு சான்றிதழும் ஒரு துவாலையும் கொடுத்து
வெளியே விட்டுவிட்டது.
பிறகு நாலு மாதமாக டிவி.
சாப்பாடு. மறுபடி டிவி.
அவன் நாக்கில் சொல் ஏறிவர நேரம் பிடிக்கும்.
அவன் அம்மா பக்கத்து மேசையில்,
கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு,
பஸ் நிலையத்தில் உட்காருவதுபோல் உட்கார்ந்திருந்தார்.

கடைப் பையன் என்னைக் கேட்டான்:
"இவரு என்ன குடிக்கிறாரு?"
நான் தாடையால் யுகேந்திரனைக் காட்டினேன்.

"தே..." என்றான் யுகேந்திரன்.
கழுத்து நரம்பு எழும்பியது.
"தே..."
ஒரு லோரி போனது. இன்னொன்று.
கடைப் பையன் துணியை இடது தோளில் இருந்து
வலது தோளுக்கு மாற்றினான்.
எனக்குத் தெரியும், காத்திருக்கத் தெரியும்,
ஆறு பேருக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்,
ஆனாலும் வாய்க்குள் ஊறிக்கொண்டு நின்றது அந்தச் சொல்.
"தே தாரேக்கா?" என்றுவிட்டேன்.

அவன் கண்ணை மூடித் தலையை ஆட்டினான்.
"தே... தே...
தேவையில்ல.
நாசி... லெமாக்."

சர்மினி சிரித்த சிரிப்பில்
கல்லாவில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.
நான் காசைத் தேடிக்கொண்டிருந்தபோது
அவள் பக்கத்து மேசைப் பக்கம் காதைச் சாய்த்து,
"அங்கயும் ஒரு குரல் கேட்டுச்சே,
'தே ஓ, சீனி கம்மி'ன்னு?"

யுகேந்திரன் அம்மா கைப்பையைத் திறந்தார்.
சில்லறை தேட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.
யாரும் உதவவில்லை.

திங்கட்கிழமை ஐந்து பேரும் வங்கிக்குப் போகிறோம்,
யுகேந்திரன் பேரில் கணக்குத் திறக்க.
என் நாற்காலி ஏறுகிற வேனுக்குப் பன்னிரண்டு வெள்ளி.
அமலன் டின்னைக் கவிழ்த்து எண்ணினான்.
நம்பாமல் மறுபடி எண்ணினான்.
பதினொன்றரை.

வாயில் சம்பல் ஒட்டியிருக்க
யுகேந்திரன் நிமிர்ந்தான்.
"அப்ப..." என்றான்.
நிறுத்தினான்.
சொல் சிக்கவில்லை, எனக்கு அது தெரிந்தது.
உதட்டைத் துடைத்துக்கொண்டு
எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்,
அம்மா முகத்தை மட்டும்
கொஞ்சம் கூடுதலாக.