உப்பு வைத்த இடம்

மணி பத்தரை.
சாப்பாட்டு மேசையில் பழைய தினத்தாள் விரித்து
அதன்மேல் ஒரு கூட்ஸ் வேகன்.
ஒரு சாண்கூட வராது;
எண்பத்தேழில் ஒரு பங்கு.
டப்பாவிலிருந்து எடுத்தபோது
பையர் வரும் நாளில் கழுவிவிட்ட பட்டறைத் தரைபோல
பளபளத்தது,
நம்பும்படியாக இல்லை.

பகலில் எனக்குத் திருப்பூரில்
சாயப்பட்டறை லேபில் வேலை.
துவைப்பேன், காயவைப்பேன், மறுபடி துவைப்பேன்.
சாம்பல் அட்டையோரம் துண்டுத்துணியை வைத்து
மார்க் போடுவேன்.
நான்கு. நான்கரை.
மூன்றரை என்று எழுதினால்
லாட் திரும்பும்,
முதலாளி டீ குடிக்காமல் நடப்பார்.
பதினாறு வருஷமாக
வெளுக்காதே வெளுக்காதே என்று
நிறங்களைக் கெஞ்சிச் சம்பளம் வாங்குகிறேன்.

ராத்திரியானால் வெளு என்கிறேன்.

துருவுக்கு மட்டும் ஏழு குப்பி வைத்திருக்கிறேன்:
பழம்புளி ஒன்று,
நாட்டுச்சர்க்கரை அடிப்பிடித்த கொப்பரை ஒன்று,
டம்ளர் வைத்து எடுத்த காப்பி வட்டம் ஒன்று,
மற்றதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.
முதலில் துருவைப் பூசிக் காயவிட்டு,
தண்ணீர் தொட்டு, கல்லுப்பு.
பொடித்து, நாலைந்து துணுக்கு,
கதவின் கீழ்விளிம்பில், கூரை மடிப்பில்.
அதன்மேல் செங்காவி.
அரைமணி பொறுத்து
பல்துலக்கியால் மெல்ல உரசினால்
உப்பு உதிர்ந்த இடத்திலெல்லாம்
இருபது ஐப்பசி எட்டிப் பார்க்கும்.

இதே உப்பு இல்லாமல்
பகலில் சாயம் துணிக்குள் ஏறாது.
மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறோம்.
மிச்சம் எங்கே போகிறது என்று
நொய்யல் பாலம் தாண்டும்போது
ஸ்கூட்டரில் நாங்கள் யாரும் பேசிக்கொள்வதில்லை.

"ஏம்மா, புதுசு வாங்கி ஏன் அழுக்குப் பண்ற?"
மகன் கேட்டான்.
மூவாயிரத்து நூறு ரூபாய்.
அவன் அப்பாவிடம்
ஆயிரத்து நூறு என்று சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை
வஞ்சிபாளையம் கூட்ஸ் ஷெட்டில்
மக்காச்சோளம் இறங்கிக்கொண்டிருந்தது,
பல்லடத்துக் கோழிகளுக்கு.
டிபன் டப்பாவில் பனியன் துணி சுற்றி
என் வேகனையும் கொண்டுபோயிருந்தேன்,
நிஜத்தின் பக்கத்தில் பிடித்துப் பார்க்க.
ஷேட் கார்டு பிடித்த கை, சும்மா இருக்காது.
பெரிய வேகனின் கதவில்
சாக்பீஸில் மூட்டைக் கணக்கு:
நான்கு கோடு, குறுக்கே ஒன்று.
அதற்கு மேலே எந்த ஊர்க்காரனோ எழுதிய இந்தி.
எனக்குப் படிக்கத் தெரியாது,
சுழியை மட்டும் பார்த்து
பஸ் டிக்கெட்டின் பின்னால் வரைந்துகொண்டேன்.

சிந்திய சோளத்தைக் கூட்டிக்கொண்டிருந்த மாராத்தாள்
விளக்குமாறோடு வந்து நின்றாள்.
சிரிக்கவில்லை.
கை புழுதி என்று வாங்கவுமில்லை,
குனிந்து, சுற்றி வந்து பார்த்தாள்.
"எல்லாஞ் சரிங்க்கா.
தாழ்ப்பாளுக்கும் துரு வெச்சிருக்கறீங்களே,
அங்கெப்படீங்க புடிக்கும்?
எறக்கற எடத்துலயெல்லாம்
கடப்பாறைல அடிச்சுத்தான தொறக்கறாங்க."

நிமிர்ந்தேன்.
அத்தனை செம்பழுப்புக்கும் நடுவே
தாழ்ப்பாள் மட்டும்
போட்டே தேய்ந்த மிஞ்சிபோல வெள்ளையாக இருந்தது.
நாலு வருஷமாகப் பார்க்கிறேன்,
பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து
பென்சில் முனையைத் தாளில் கிறுக்கி
அந்தக் கரியை மோதிரவிரலால் தொட்டுத்
தாழ்ப்பாளில் தேய்த்தேன்.
கடுகளவு இடம்.
வேகன் அப்போதுதான்
எங்கேயோ போய்வந்ததுபோல் ஆனது.

திங்கட்கிழமை லேபில் ஒரு கருநீலம்.
பத்தாவது துவைப்பில்
கழுத்துப்பட்டியோரம் விட்டுக்கொடுத்திருந்தது.
அழகாகத்தான் வெளுத்திருந்தது,
ஒருவர் மூன்று கோடை உடுத்திய மாதிரி.
கொஞ்சநேரம் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்திருந்தேன்.
பிறகு அட்டையை எடுத்து
மூன்றரை என்று எழுதினேன்.

முதலாளி டீ குடிக்கவில்லை.